எழுத்தை நசுக்காதீர்கள்

தமிழில் சுவரொட்டியும் பதாகையும் தலைப்பும் அமைக்கும் இளைய வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளே,

உங்களில் சிலர் பிளெக்ஸ் கடையில் கோரல்டிரா முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலர் நாளிதழின் முதல் பக்கத்தைக் கட்டுகிறீர்கள். சிலர் சினிமா போஸ்டருக்கும் யூடியூப் தம்ப்நெயிலுக்கும் தலைப்பு போடுகிறீர்கள். வேலை வெவ்வேறாகத் தெரிந்தாலும் பிரச்சினை ஒன்றே. இருக்கிற கொஞ்ச இடத்தில், தூரத்திலிருந்து கண்ணில் படுகிற மாதிரி, நாலு சொல்லை நிறுத்தவேண்டும். அதற்காக ஒரு தடித்த எழுத்துருவை எடுக்கிறீர்கள். சொல் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து உள்ளே தள்ளுகிறீர்கள். அடங்கிவிடுகிறது, அச்சுக்கும் போய்விடுகிறது.

அந்தத் தள்ளலைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் பெரிசா, இன்னும் பெரிசா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆனாலும் ஒடுங்கிய தடித்த எழுத்து, நீங்கள் கண்டென்ஸ்டு போல்டு என்று சொல்வது, தனியாக வரையப்படவேண்டிய ஒரு வடிவம். இருக்கிற எழுத்தை நசுக்கி அதைப் பெற முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் எழுத்தின் நிமிர்ந்த கோடும் கிடைக்கோடும் பத்துப் பங்கு தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை 60 சதவீதமாகக் குறைத்தால் நிமிர்ந்த கோடு ஆறு பங்காக மெலிகிறது. கிடைக்கோடோ பத்திலேயே நிற்கிறது. 'ட' ஒன்றை இப்படிச் செய்து பாருங்கள். கால் சூம்பிப்போய், தரை மட்டும் தடித்துக் கிடக்கும். 'ப', 'ம', 'ய', 'வ' என்று அடியில் கோடு ஓடும் எழுத்துகள் நம்மிடம் ஏராளம். ஆகவே நசுக்கிய தமிழ் வரியில் கீழே தடித்த பட்டை ஒன்று ஓடும், அதன்மேல் மெல்லிய குச்சிகள் நிற்கும். வட்டங்கள் முட்டையாகி, பக்கங்கள் மெலிந்து, உச்சியும் அடியும் கனக்கும். படிக்கிறவருக்கு என்ன கெட்டது என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வரி தளர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்தக் கனத்துக்காக போல்டைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தக் கனம் நிமிர்ந்த கோடுகளில்தான் இருக்கிறது. முதலில் பறிபோவதும் அதுவே.

பறிபோனதை மீட்க அடுத்ததாக எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுக்கிறீர்கள். அந்தக் கோடு எழுத்தின் விளிம்பில் நடுவாக உட்கார்ந்து பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் பரவும். எழுத்தின் நிறத்திலேயே கொடுத்தால் 'ண'வின் சுழிகள் அடைபடும், 'கே'யின் கொம்பில் மேற்சுழி மூடிக்கொள்ளும். கறுப்பில் கொடுத்தால் புள்ளி கரைந்து போகும். கோரல்டிராவில் கோட்டை நிறத்துக்குப் பின்னால் தள்ளும் வசதி இருக்கிறது, போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக்கை வெளிப்பக்கம் மட்டும் வைக்கலாம். குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள்.

ஒடுங்கிய தடித்த எழுத்து பிறந்த கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அது பிறந்தது தெருவில், உங்களைப் போன்றவர்களின் மேசையில். கால்முனைகள் இல்லாத அச்செழுத்தை, நாம் சான்ஸ் செரிஃப் என்று சொல்வதை, லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816இல் தம் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். அப்போது அது வெறும் பேரெழுத்துகள் கொண்ட ஒரு சிறு வரி. அதற்குக் கனம் ஏறியது சுவரொட்டிகள் பெருகியபிறகு. ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனமும் அதிகம், விலையும் அதிகம், ஆறும்போது முகம் சீராக அமைவதும் கடினம். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827 வாக்கில் மர எழுத்துகளை இயந்திரத்தில் செதுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே விலைப்பட்டியல் வெளியிட்டார். அதன்பிறகு முழ உயர எழுத்தும் சாத்தியமாயிற்று. அந்தக் காலச் சுவரொட்டியில் ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்தை நிரப்பவேண்டும். சின்னச் சொல்லுக்கு அகன்ற எழுத்து, நீளச் சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து. அச்சுக்காரர் அலமாரியில் பல அகலங்கள் வைத்திருப்பார், சொல்லைப் பார்த்து இழுப்பறையைத் திறப்பார்.

இந்தப் பழக்கத்தை நாளிதழ்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் வரைந்த ஆல்டர்நேட் காத்திக் மூன்று அகலங்களில் வந்தது. ஒரு பத்தி அகலத்தில் தலைப்பு அடங்கவில்லையா, அடுத்த எண்ணை எடு. நூறாண்டு தாண்டியும் அது சாகவில்லை. யூடியூபின் பழைய சின்னத்தில் நீங்கள் பார்த்துப் பழகிய எழுத்து அதன் வழி வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இம்பாக்ட். உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஜெஃப்ரி லீ என்ற விளம்பர வடிவமைப்பாளர் வரைந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் 1965இல் உலோக அச்சாக வெளியிட்டது. அந்தக் காலம் அப்படிப்பட்ட எழுத்துக்காகத் தவித்த காலம். சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஹேட்டன்ஷ்வைலர் 1954இல் வெளியிட்ட ஷ்மால்ஃபெட்டே க்ரோட்டெஸ்க் எழுத்து ஜெர்மனியின் 'ட்வென்' இதழின் தலைப்புகளில் அச்சாகி எல்லாருடைய கண்ணையும் இழுத்தது. 1963இல் லெட்ராசெட் நிறுவனம் ஃபிரெட் லாம்பெர்ட் வரைந்த காம்பாக்டாவைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் வந்த லீ, தம் நோக்கத்தைப் பின்னாளில் தெளிவாக எழுதியிருக்கிறார். குறிப்பிட்ட அளவுக்குள் காகிதத்தில் எவ்வளவு மை ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றவேண்டும், சிற்றெழுத்தின் உடல் உயரத்தை முடிந்த மட்டும் கூட்டவேண்டும் என்பதே அது.

இம்பாக்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். சிற்றெழுத்து கிட்டத்தட்ட பேரெழுத்தின் உயரத்துக்கே வந்துவிடுகிறது. மேலே நீளும் கோடும் கீழே தொங்கும் வாலும் குட்டை. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிற வெள்ளை ஒரு மெல்லிய பிளவாகச் சுருங்கியிருக்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெள்ளையும் ஏறக்குறைய அதே அளவு. இந்தச் சமன்தான் அதன் உயிர். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஒரே தாளம் வரி முழுக்க ஓடுகிறது. வட்டங்கள் வட்டங்களாக இல்லை. பக்கங்கள் நேராக இறங்கி, மூலையில் மட்டும் வளைகின்றன. இன்னும் கூர்ந்து பார்த்தால், கிடைக்கோடுகள் நிமிர்ந்த கோடுகளைவிட மெலிந்திருப்பது தெரியும். 'e', 'a' போன்ற எழுத்துகளில் மூன்று கிடைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் வைத்தால் வெள்ளைக்கு இடமே இருக்காது. நசுக்கும்போது நடப்பதற்கு நேர் எதிரான வேலை இது. நசுக்கினால் நிமிர்ந்த கோடு மெலியும். வரைகிறவர் நிமிர்ந்த கோட்டைக் காப்பாற்றி, கிடைக்கோட்டை மெலியவைக்கிறார்.

1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாக வெளியிட்ட எழுத்துருத் தொகுப்பில் ஏரியல், ஜார்ஜியா, வெர்டானா ஆகியவற்றோடு இம்பாக்டும் இடம்பெற்றது. உலகத்துக் கணினிகளில் எல்லாம் போய் உட்கார்ந்தது. பிறகு மீம் வந்தபோது கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளை இம்பாக்ட்தான் அதன் எழுத்தாயிற்று. பின்னணி இருட்டோ வெளிச்சமோ, எந்தப் படத்தின்மேலும் அது நின்றது. நின்றதற்குக் காரணம், உள்ளே அவ்வளவு கனம் இருந்ததால் விளிம்புக்கோடு கொஞ்சம் கடித்தாலும் எழுத்து சாகவில்லை.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் உண்மையான வேலை இருக்கிறது.

இடம் போதாத குறை தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் அச்சுகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு பெரிய நூலை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய அச்சுகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அன்று உயரமும் அகலமும் சேர்ந்து குறைந்தன. உங்களுக்கோ உயரம் குறையக்கூடாது, அகலம் மட்டும் குறையவேண்டும். அது இன்னும் கடினம்.

ஏன் கடினம் என்றால், ஆங்கிலப் போஸ்டர்க்காரருக்குப் பேரெழுத்து என்ற வசதி இருக்கிறது. எல்லாம் ஒரே உயரம். மேலும் கீழும் எதுவும் நீட்டிக்கொள்ளாது. வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் ஒரே பாளமாக நிற்கும். நமக்கு அது கிடையாது. நம் வரிக்கு மூன்று தளம் உண்டு. நடுவில் உடல், மேலே புள்ளியும் 'ி', 'ீ' விலங்குகளும், கீழே 'து', 'ழு', 'மூ' போன்றவற்றின் கால்களும் வளைவுகளும். மேல் வரியில் 'கூட்டு' இருந்து கீழ் வரியில் 'நீதி' வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டாமல் இருக்க வரியிடை கூடும், கூடினால் பாளம் பிளந்துபோகும். இதற்கு வழி, உடலின் உயரத்தைக் கூட்டி, மேல் கீழ் உறுப்புகளைக் குட்டையாக்கி வரைவது. லீ சிற்றெழுத்துக்குச் செய்தது அதுதானே. ஆனால் எச்சரிக்கை வேண்டும். 'ி'க்கும் 'ீ'க்கும் வேறுபாடு நுனியில் இருக்கிற ஒரு சின்னச் சுழி. குட்டையாக்குகிறேன் என்று அந்தச் சுழியை அடைத்துவிட்டால் 'திமை' எது, 'தீமை' எது?

இப்படி உயிர்போகிற இடங்கள் தமிழில் பல. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இடையே நிற்பது அடியில் ஒரு சின்னச் சாய்வு. 'எ', 'ஏ' இரண்டும், 'ஒ', 'ஓ' இரண்டும் கீழே ஒரு கீற்றில் பிரிகின்றன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒரு மேற்சுழியில் பிரிகின்றன. 'ண'வையும் 'ன'வையும் சுழிகளை எண்ணித்தான் கண் அறிகிறது. கனம் ஏற ஏற முதலில் மறைவது இந்தக் கீற்றுகளும் சுழிகளும்தான். ஆகவே தடித்த ஒடுங்கிய தமிழை வரையும்போது உடலை எவ்வளவு வேண்டுமானாலும் முரட்டுத்தனமாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த இடங்களில் மட்டும் வெள்ளையைக் கஞ்சத்தனம் இல்லாமல் விடுங்கள்.

அகலத்தையும் எல்லா எழுத்துக்கும் சமமாகக் குறைக்கக்கூடாது. இதை நன்றாக அறிந்தவர்கள் பெயின்ட் டப்பாவும் தூரிகையும் வைத்து ஊர்ப்பெயர் எழுதிய ஆர்ட்டிஸ்டுகள். பேருந்தின் நெற்றியில் வைக்கும் தகரப் பலகை ஒரே அளவு. 'கோவை'யும் அதில்தான், 'திருவண்ணாமலை'யும் அதில்தான். நல்ல ஆர்ட்டிஸ்ட் நூலடித்து, சொல்லை முதலில் சாக்பீஸால் அளந்துகொள்வார். 'ர', துணைக்கால், 'ி' தாங்கிய 'தி' ஆகியவற்றை நன்றாக ஒடுக்குவார். 'ண்ணா'வுக்கு அந்த இடத்தைக் கொடுப்பார். 'ண'வின் மூன்று சுழியும் திறந்து நிற்கிற அளவுக்கு அதற்கு அகலம் கிடைக்கும். கோட்டின் தடிமன் மட்டும் எல்லா எழுத்திலும் ஒன்றாக இருக்கும், ஏனென்றால் தூரிகை ஒன்று. முப்பது அடி தூரத்தில் வண்டி திரும்பும்போதே, ஓடிவருகிற பாட்டிக்கு அது திருவண்ணாமலை வண்டி என்று தெரியும். உங்கள் ஊரில் இப்படி எழுதியவர்கள் இன்னும் இருந்தால், தேடிப்போய் அவர்களுடைய பலகைகளைப் படம் எடுத்து வையுங்கள். கண்டென்ஸ்டு போல்டு தமிழுக்கான பாடநூல் அவர்கள் கையில்தான் இருந்தது. அதை யாரும் அச்சில் போடவில்லை.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகியவை பழைய தும்பிக்கையை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போல முன்னால் ஒரு தனிக் குறியை வைத்துக்கொண்டன. கற்பதற்கும் தட்டச்சுக்கும் அது பெரிய நன்மை, நான் அதை முழு மனதாக வரவேற்கிறேன். அகலக் கணக்கில் மட்டும் நமக்கு ஒரு வேலை கூடியது. அந்த 'ை' குறியை ஒடுக்கி வரைவதே ஒரு தனிக் கலை. அதன் இரண்டு சுழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் இல்லாதபோது, ஒன்றைச் சற்று மேலேற்றிப் பார்க்கலாம். பிறகு உகர ஊகார வரிசைகள் இருக்கின்றன. பதினெட்டு மெய்க்கும் இரண்டு இரண்டாக முப்பத்தாறு வடிவங்கள், ஒவ்வொன்றும் தனி வரைவு. 'ணூ', 'ஞூ' இரண்டையும் வரைந்து முடித்தவர்களுக்கு மற்றவை எளிதாக வரும். நான் உங்களுக்குச் சொல்வது, 'ட'விலும் 'ப'விலும் தொடங்காதீர்கள். எளிய எழுத்தில் அகலத்தை முடிவு செய்துவிட்டு 'ண'வுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'ண'வில் தொடங்குங்கள். அது எவ்வளவு தடிமன் தாங்குகிறதோ அதுவே உங்கள் எழுத்துருவின் தடிமன்.

சுழிகள் கோட்டோடு சேரும் மூலைகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் விவரப்புத்தகத்துக்காக மாத்யூ கார்ட்டர் 1978இல் பெல் சென்டென்னியல் என்ற எழுத்தை வரைந்தார். மலிவுத் தாளில், அதிவேக அச்சில், மிகச் சிறிய அளவில் அச்சாகவேண்டிய ஒடுங்கிய எழுத்து. மூலைகளில் மை தேங்கி அடைத்துவிடும் என்பதால் அந்த மூலைகளைக் குடைந்தே வரைந்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கறையான் அரித்தது போல இருக்கும், அச்சில் மை பரவி அந்தக் குடைவை நிரப்பியதும் எழுத்து சரியாக நிற்கும். நாளிதழ்த் தாளில் அடிக்கப்போகும் தமிழ்த் தலைப்புக்கும், சிறிய அளவில் போகும் வரி விளம்பரத்துக்கும் இந்தக் குடைவு மிகவும் பொருந்தும். நம் எழுத்தில் மூலைகள் அவ்வளவு இருக்கின்றன.

இன்று கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மும்பை ஏக் டைப் குழுவினர் வெளியிட்ட அனெக் தமிழ் எழுத்துருவில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒடுங்கிய அகலங்கள் உண்டு. இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நசுக்கக் கை போகிற நேரத்தில் முதலில் இவற்றை எடுங்கள். அவற்றின் ஒடுங்கிய முனையில் நிமிர்ந்த கோடு தன் கனத்தோடு நிற்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் சுவரில் இருந்து கூப்பிடுகிற முரட்டுக் குரல், இம்பாக்டுக்கு இருக்கிற அந்தத் தொண்டை, தமிழில் இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை என்பது என் எண்ணம். அதை வரையவேண்டியவர்கள் நீங்கள்.

எல்லா இடத்துக்கும் இந்த எழுத்து வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மூன்று நான்கு சொல்லுக்குமேல் போனால் இது படிக்க முடியாத வேலி ஆகிவிடும். மருந்துக் குறிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, நிகழ்ச்சி நிரல் எதிலும் இதை வைக்காதீர்கள். தலைப்புக்கு வைக்கும்போதும், எழுத்தை ஒடுக்குவதற்கு முன் சொல்லை ஒடுக்க முடியுமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, சின்னச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுத்தான் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 'அறிவிக்கப்பட்டுள்ளது' என்பதை 'அறிவிப்பு' என்று எழுதினால், எழுத்து தானாகவே இரண்டு மடங்கு பெரிதாகலாம்.

கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் பற்றியும் சொல்லவேண்டும். அவசர வேலைகளில் மிக அவசரமானது அது. படத்துக்குக் கீழே இறந்தவருடைய பெயர். நீளமான பெயராக இருந்தால் அந்த ஒரு வரியைத்தான் நசுக்குகிறீர்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கும். அந்தக் குடும்பம் அந்தப் பதாகையின் படத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். அந்தப் பெயரை மட்டுமாவது இரண்டு வரியாகப் பிரித்து, முழு உருவத்தில் போடுங்கள்.

உங்களில் யாராவது ஒரு தடித்த ஒடுங்கிய தமிழை வரைந்தால், 'திருவண்ணாமலை', 'தூத்துக்குடி', 'ஞாயிற்றுக்கிழமை', 'கௌரவ ஆலோசகர்', 'கண்ணீர் அஞ்சலி' ஆகிய ஐந்தையும் அடித்துச் சுவரில் ஒட்டி, தெருவின் மறுபக்கம் போய் நின்று படித்துப் பாருங்கள். தேறினால் திறந்த உரிமத்தில் விடுங்கள். யூனிகோடில் மட்டும் விட்டால் போதாது. பழைய கோரல்டிரா வைத்திருக்கும் கடைகள் இன்னும் பழைய குறியாக்க எழுத்துருக்களில்தான் ஓடுகின்றன, அவர்களுக்கும் ஒரு பதிப்பு வேண்டும். இம்பாக்ட் உலகத்தைப் பிடித்ததில் பாதி லீயின் கையால், மீதிப் பாதி அது எல்லாருடைய கணினியிலும் முன்பே இருந்ததால். பண்ருட்டியிலும் பரமக்குடியிலும் இருக்கிற பிளெக்ஸ் கடைக்காரர் எழுத்துரு தேடி அலையமாட்டார், பட்டியலில் இருப்பதைத்தான் எடுப்பார். அந்தப் பட்டியலில் உங்கள் எழுத்து இருக்கவேண்டும்.

மிகுந்த அன்புடன்,
அச்சுப் பக்கங்களோடு வாழ்ந்த உங்கள் அண்ணன்